சிலைமுன் இரண்டு மணி நேரம்: அருங்காட்சியக இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு

கோடை விடுமுறையில் அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டு மாணவர்கள் எழுதும் கடிதங்களில் பலவும் ஒரே வரியில்தான் தொடங்கும்: "சிறு வயதிலிருந்தே எனக்குக் கலைமீது தீராத ஆர்வம் உண்டு." எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் படிக்கிற காப்பாட்சியருக்கு (அருங்காட்சியகப் பொருட்களுக்குப் பொறுப்பான அதிகாரி) அந்த வரியில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இந்தப் பிள்ளையிடம் ஒரு பொருளைக் காட்டி, பார்த்து எழுதச் சொன்னால், எழுதிக் கொடுப்பதை நம்பிப் பதிவேட்டில் ஏற்றலாமா? விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கமும் இந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தால் போதும். மதிப்பெண், சான்றிதழ், ஓவியப் போட்டிப் பரிசு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்தத் திருமேனி இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. அது ஸ்ரீபுரந்தான் நடராசர்தான் என்று நிறுவ உதவிய சான்றுகளில் முக்கியமானது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்த பழைய புகைப்படம். யாரோ ஒருவர் கோயிலுக்குப் போய்ப் படமெடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில் என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். படம் மட்டும் இருந்து ஊர்ப்பெயர் இல்லாமல் போயிருந்தால் அது ஆயிரம் நடராசர் படங்களில் ஒன்றாகக் கிடந்திருக்கும். அருங்காட்சியகத்தில் மாணவருக்குக் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் இந்த வகைதான்: பார்ப்பது, அளப்பது, எழுதுவது, எண்ணிடுவது.

உள்ளே நடக்கும் வேலை

பார்வையாளர் காண்பது காட்சிக்கூடத்தை மட்டும். பெரும்பாலான அருங்காட்சியகங்களில் அதைவிட அதிகமான பொருட்கள் வைப்பறையில் இருக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேர்க்கை எண் உண்டு. பரவலாக உள்ள ஒரு முறையில் முதலில் ஆண்டு, அடுத்து அந்த ஆண்டில் எத்தனையாவது தொகுதி, கடைசியில் தொகுதிக்குள் எத்தனையாவது பொருள் என்று வரும். 2019.4.12 என்றால் 2019இல் வந்த நான்காம் தொகுதியின் பன்னிரண்டாம் பொருள். பழைய அருங்காட்சியகங்களில் ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று காலத்து எண்கள் இருப்பது சாதாரணம். பழைய எண்ணை அழிக்கக் கூடாது. எல்லா எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணைப் பொருளின்மேல் எழுதுவதற்கும் முறை இருக்கிறது. கல்லிலும் உலோகத்திலும் நேராக மை படக் கூடாது. முதலில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து, கண்ணில் படாத இடத்தில் சிறிய பட்டையாகப் பூசி உலரவிட வேண்டும். அதன்மேல் எண், எண்ணின்மேல் இன்னொரு பூச்சு. பின்னொரு நாளில் எண்ணை எடுக்க வேண்டியிருந்தால் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் போதும், பொருளுக்குச் சேதம் வராது. துணியாக இருந்தால் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி ஓரத்தில் தளர்வாகத் தைக்கிறார்கள். காகிதமாக இருந்தால் பின்பக்க மூலையில் மென்மையான பென்சில். வைப்பறைக்குள் பேனாவையே அனுமதிக்காத இடங்கள் பல.

அடுத்தது நிலை அறிக்கை. பொருள் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதை எழுதுவது. "சற்றே சேதமடைந்துள்ளது" என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. "இடது கீழ் மூலையில் 3 செ.மீ. நீளத்துக்கு வண்ணம் உதிர்ந்துள்ளது, அடியில் வெள்ளைப் பூச்சு தெரிகிறது" என்று எழுதினால், ஐந்து ஆண்டு கழித்து வருபவர் அளந்து பார்த்து உதிர்வு வளர்ந்ததா நின்றதா என்று சொல்லிவிடுவார். விரிசல், உதிர்வு, உப்பல், கறை, பூஞ்சை, பூச்சித்துளை, நிறமங்கல், களிம்பு ஆகிய சொற்களை ஒன்றுக்கொன்று குழப்பாமல் எழுதத் தெரிந்த மாணவர் முதல் வாரத்திலேயே வேலைக்கு ஆகிவிடுவார். தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை, துணி, சுண்ணப் பூச்சு, தங்கத்தாள், கண்ணாடிக் கல் என்று பல அடுக்குகள் இருக்கின்றன. எந்த அடுக்கு விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வதில்தான் அறிக்கையின் பயன்.

வெண்கலத்தில் களிம்பு என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சை பெரும்பாலும் நிலையானது. தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைப் புள்ளிகள் வேறு கதை. உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு, காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் சேரும்போது திரும்பத் திரும்ப வினைபுரிந்து உலோகத்தைத் தின்னும். வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான். கடற்கரை ஊரான சென்னையில் இதற்கு எப்போதும் கண் வைத்திருக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியதற்கும், வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே வெண்கலங்களை மின்பகுப்பு முறையில் காப்பாற்றும் வேலையில் இறங்கியதற்கும் பின்னால் இருந்த சிக்கலும் இதுதான். வேதியியல் படிக்கும் மாணவர்கள் "கலை நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது பெரிய இழப்பு. பாதுகாப்புப் பிரிவுக்குத் தேவைப்படுபவர்களே அவர்கள்தான்.

இவை தவிரக் கல்விப் பிரிவு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடை முகாம், விளக்கப்பலகை எழுதுவது, மொழிபெயர்ப்பது, கூட்டத்தைச் சுற்றிக்காட்டுவது. தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு அதிகம். ஆங்கிலத்தில் உள்ள பலகையை அப்படியே தமிழாக்கினால் பெரும்பாலும் படிக்க முடியாது. பொருளைப் பார்த்துப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

சென்னையில் எங்கே

முதலில் நினைவுக்கு வருவது பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கி, சில ஆண்டுகளில் எழும்பூருக்கு வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். தொல்லியல், நாணயவியல், மானிடவியல், கலை, வேதியியல் பாதுகாப்பு, தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் பிரிவுகள். இங்கே "அருங்காட்சியகத்துக்கு" விண்ணப்பிப்பதில் அர்த்தமில்லை, பிரிவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரிவின் பெயர் இல்லாத கடிதம் எந்த மேசைக்குப் போவது என்று தெரியாமல் தபால் பிரிவிலேயே தங்கிவிடும்.

முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ரா வேறு மாதிரி. 1984இல் டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996இல் இதைத் திறந்தது. வளாகத்தின் வடிவமைப்பில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது. தென்மாநிலங்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த பழைய வீடுகளை மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடக்கலை, கைவினை, நாட்டார் வழக்காற்றியல், வடிவமைப்பு படிப்பவர்களுக்கு ஏற்ற இடம். தனியார் அறக்கட்டளை என்பதால் கடிதப் போக்குவரத்து அரசு அலுவலகத்தைவிட எளிது. தூரம்தான் கணக்கில் எடுக்க வேண்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் மேல். தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ இருந்து தினமும் போய்வர முடியுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே ஒருமுறை பேருந்தில் போய்ப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

அதே சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் 1966இல் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கியது. மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான காட்சியகம் அங்கே இருக்கிறது. நவீனக் கலையில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே போகும் முன், பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளி இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியாக வளர்ந்த வரலாற்றைப் படித்துவிடுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பணிக்கர், தனபால் என்ற வரிசை தெரியாமல் சோழமண்டலத்தில் தொங்கும் படங்கள் பேசாது. ராய் சௌத்ரியின் "உழைப்பாளர் சிலை" மெரினாவிலேயே நிற்கிறது.

ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்தது. அதற்கான கடிதம் மாநில அரசுக்குப் போகக் கூடாது, மத்திய அரசின் தொல்லியல் துறை சென்னை வட்டத்துக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் நிறைய. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அருங்காட்சியகம் அல்ல. ஆனாலும் காகிதம், அச்சு, பழைய விளம்பரம், மின்னுருவாக்கம் என்று கற்றுக்கொள்ள அங்கே விஷயம் இருக்கிறது. எழும்பூரில் இடம் கிடைக்காதவர்கள் அதை இரண்டாம் தரமாக எண்ண வேண்டியதில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய். "திங்கள் முதல் வெள்ளி வரை வரத் தயார்" என்று எழும்பூருக்குக் கடிதம் எழுதினால், எழுதியவர் வாசற்படி ஏறவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நாள்காட்டி

மே மாதம் சேர ஏப்ரலில் விண்ணப்பிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஏப்ரல் அரசு அலுவலகங்களுக்கு நிதியாண்டு மாறும் காலம், கல்லூரிக்குத் தேர்வுக் காலம். மே 18 உலக அருங்காட்சியக நாள் என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் எல்லாரும் நிகழ்ச்சி ஏற்பாட்டில் இருப்பார்கள். மேயில் சேர வேண்டுமானால் ஜனவரி கடைசிக்குள் எந்தப் பிரிவு என்று முடிவாகி, பிப்ரவரி நடுவில் கடிதம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் கடிதம் கோப்பாக மாறி மேலே போய்க் கையெழுத்தாகித் திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குவது நியாயமான கணிப்பு. வெளிமாநில, வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் முறைப்படி அறிவிக்கும் கோடைத் திட்டங்கள் பலவற்றுக்கு முந்தைய ஆண்டின் கடைசியிலோ ஜனவரியிலோ கடைசித் தேதி முடிந்துவிடுவதுண்டு. அவரவர் இணையதளத்தில் நவம்பரிலேயே பார்த்து வைப்பது நல்லது.

இன்னும் முன்னால் தொடங்க முடிந்தால் நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். அந்த நாட்களில் நடக்கும் கண்காட்சி, பேச்சு எதற்காவது போய்வந்தால் யார் எந்தப் பிரிவைப் பார்க்கிறார் என்பது தானாகவே தெரியும்.

இரண்டு மணி நேரம்

விண்ணப்பத்தின் உயிர் இங்கேதான். எந்த அருங்காட்சியகத்துக்கு எழுதப்போகிறீர்களோ அங்கே நுழைவுச் சீட்டு வாங்கி, வேலைநாள் ஒன்றில் காலையில் போங்கள். சில கூடங்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கலாம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருந்தால் கட்டிவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதன்முன் இரண்டு மணி நேரம் இருங்கள். கையில் நோட்டும் பென்சிலும். முதல் அரை மணி நேரம் கூகுள் கூடாது, விளக்கப்பலகையைப் படிப்பதும் கூடாது. கண் பார்ப்பதை மட்டும் எழுத வேண்டும். அடுத்த அரை மணி நேரம் கோட்டுப்படம். வரைவது அழகாக இருக்க வேண்டியதில்லை. கை வரையும்போதுதான் கண் விட்டுப்போனவை தெரியவரும். அதற்குப் பிறகு பலகையைப் படித்து, நீங்கள் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

எழுதும்போது அடிக்கடி நேரும் பிழை வலமும் இடமும். சிலையின் வலது என்றால் சிலைக்கு வலது, பார்க்கிற நமக்கு இடது. அருங்காட்சியகப் பதிவில் எப்போதும் உருவத்தின் பக்கத்தைத்தான் சொல்வார்கள். எழும்பூரில் உள்ள திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நின்றால் இது உடனே புரியும். சிவப்பாதி உருவத்தின் வலம். எதிரே நிற்கும் நமக்கோ அது இடப்பக்கம். இதைத் தலைகீழாக எழுதினால் அம்மையையும் அப்பனையும் மாற்றிவிட்டதாகப் பொருள். ஓவியத்தில் சட்டம் சேர்த்து ஓர் அளவு, சேர்க்காமல் ஓர் அளவு. உயரம் முதலில், அகலம் அடுத்து, கனம் கடைசியில். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை அளக்க முடியாது என்பதால் "மதிப்பீடு" என்று சேர்த்து எழுத வேண்டும். தெரியாத அளவைத் தெரிந்ததுபோல் எழுதுவது இந்தத் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம்.

அப்படி எழுதிய குறிப்பு எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி: "அர்த்தநாரீசுவரர், செப்புத்திருமேனி, திருவெண்காடு. உருவத்தின் வலப்பாதியில் இரண்டு கைகள், இடப்பாதியில் ஒன்று. வலது பின்கையில் மழு. வலது முன்கை மடிந்து, எதன்மீதோ சாய்ந்திருப்பதுபோல் உள்ளது. சாயும் பொருள் இப்போது இல்லை. ரிஷபமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம், நூலகத்தில் சரிபார்க்க வேண்டும். வலக்காலில் ஆடை தொடையளவில் நிற்கிறது, இடக்காலில் கீழே இறங்குகிறது. இடை இடப்புறம் வளைந்துள்ளது. பின்பக்கம் பார்க்க இயலவில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். பார்க்க முடியாததைப் பார்க்க முடியவில்லை என்று சொன்ன மாணவர் பார்த்ததாகச் சொல்வதை நம்பலாம். "என் ஊகம்" என்று பிரித்துக் காட்டியதும் அப்படியே. "சோழர் கால வெண்கலக் கலையின் உன்னதம்" என்ற சொற்றொடரை இந்தக் குறிப்பில் எங்கேயும் சேர்க்க இடமில்லை, தேவையும் இல்லை. வேறு உலாத் திருமேனிகளைப் பார்த்தால் பீடத்தின் பக்கவாட்டில் துளையோ வளையமோ இருக்கிறதா என்று தேடுங்கள். திருவிழாவில் தண்டு கோத்துக் கட்டுவதற்கு அது. அதைக் கவனித்து எழுதியவர், அந்தத் திருமேனி தெருவில் நடந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தவர்.

கடிதமும் இணைப்புகளும்

அரசு அருங்காட்சியகத்துக்கு எழுதும் கடிதத்துக்கு வடிவம் உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, ஐயா அல்லது அம்மா, கடைசியில் நாள், இடம், கையொப்பம். பெறுநர் அருங்காட்சியகத் துறையின் தலைவர். பதவியின் பெயர் ஆணையரா இயக்குநரா என்பதை அப்போதைய இணையதளத்தில் பார்த்து அப்படியே எழுதுங்கள். அவருக்கு அடுத்து "வழி: துறைத் தலைவர் மற்றும் முதல்வர்" என்று உங்கள் கல்லூரியைச் சேர்க்க வேண்டும். பொருள் வரியில் எல்லாமே அடங்கிவிட வேண்டும்: "தொல்லியல் பிரிவில் மே 5 முதல் ஜூன் 27 வரை மாணவர் உள்ளகப் பயிற்சி, அனுமதி கோருதல் தொடர்பாக". அலுவலகம் தமிழில் நடப்பதால் கடிதமும் தமிழில் இருப்பது வேலையைச் சுலபமாக்கும். தனியார் அருங்காட்சியகத்துக்கு இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை, ஒரு பக்க மின்னஞ்சல் போதும்.

கடிதத்தின் உடலில் மூன்று பத்தி. முதல் பத்தியில் யார், என்ன படிப்பு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, வாரத்தில் எத்தனை நாள். இரண்டாம் பத்தியில் அந்த இரண்டு மணி நேரக் குறிப்பின் சுருக்கம், அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வி. மூன்றாம் பத்தியில் உங்களால் முடிந்த வேலை: தமிழ்த் தட்டச்சு, எக்செல், ஒளிப்படம், கிரந்தம் அல்லது தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து வாசிப்பு, தெலுங்கு அல்லது உருது படிக்கத் தெரிவது. பழைய பதிவேடுகள் பலமொழியில் கிடக்கும் ஊர் இது. உருதோ தெலுங்கோ வாசிக்கத் தெரிந்தவர் அதை ஒரு மூலையில் ஒளித்து வைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. தயவுசெய்து மேலே எழுதுங்கள்.

இணைப்பில் கல்லூரியின் போனஃபைட் சான்று, ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், ஒரு பக்க பயோடேட்டா, முழுக் குறிப்பு, ஆதார் நகல். ஓவியம் அல்லது வடிவமைப்பு படிப்பவர் எட்டு முதல் பத்துப் படம் சேர்க்கலாம். ஒவ்வொன்றின் கீழும் ஊடகம், அளவு, ஆண்டு இருக்க வேண்டும். சொந்தப் படைப்புக்கே அளவு எழுதாதவர் அருங்காட்சியகப் பொருளுக்கு எழுதுவாரா என்று யாரும் நினைப்பார்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரிடம் குறைந்தது மூன்று வாரம் முன்பே கேளுங்கள். உங்கள் குறிப்பின் நகலையும் கொடுத்துவிட்டால் அவரும் பொதுவாக எழுதாமல் அதைத் தொட்டு எழுதுவார்.

மின்னஞ்சலில் தோல்வியடைபவை சின்னச் சின்ன விஷயங்கள். பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு வேறு கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பி.டி.எஃப். ஆக்கி, உங்கள் கைபேசியிலும் இன்னொருவர் கைபேசியிலும் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக, 5 எம்.பி.க்குள். "ஃபைனல் நியூ 2" என்ற பெயரில் வரும் கோப்பு பத்து நாளில் யாருடையது என்றே தெரியாமல் போகும். பெயர், கல்லூரி, பிரிவு, ஆண்டு என்று பெயரிடுங்கள். கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்து அனுமதியைத் திறக்காமல் விடுவது இன்னொரு வழக்கமான விபத்து. படிப்பவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார்.

அரசு அலுவலகத்துக்கு மின்னஞ்சலோடு அச்சுப் பிரதியும் நேரில் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்கும்போது "கடிதம் என்ன ஆச்சு" என்பதைவிட "இந்தத் தேதியில் கொடுத்தது, கோப்பின் ந.க. எண் என்ன" என்று கேட்டால் தேடிக் கொடுப்பவருக்கும் எளிது. அந்த இருக்கையில் இருப்பவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். கோப்பை நகர்த்துபவர் அவர்தான்.

நேர்காணல்

பெரும்பாலும் இருபது நிமிடப் பேச்சு. ஒரு படத்தையோ பொருளையோ காட்டி விவரிக்கச் சொல்லலாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அது பழகிய வேலை. கேட்கப்படக்கூடிய இன்னொன்று, பொருட்கள் அருங்காட்சியகத்துக்கு எப்படி வருகின்றன என்பது. நன்கொடை, விலைக்கு வாங்குவது, அகழாய்வு ஆகியவற்றோடு நிற்காமல் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நிலத்தில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் கிடைத்த செப்புத்திருமேனிகள் பல எழும்பூருக்கு வந்த வழி இதுதான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டத்தில் நூறாண்டு பழமை என்ற எல்லை, கையெழுத்துப் பிரதிக்கு எழுபத்தைந்து ஆண்டு, ரவிவர்மாவின் ஓவியங்கள் நாட்டைவிட்டு ஏன் வெளியே போக முடியாது என்ற மூன்றையும் தெரிந்துவைத்தால் போதும்.

காட்சிக்கூடத்தில் சிலைமுன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கும் பாட்டியிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் பதறாதீர்கள். அவர் கும்பிடட்டும். பூவோ குங்குமமோ வைக்கப் போனால் மட்டும் "பாட்டி, இது பொருளை அரிச்சிடும், தள்ளி நின்னு கும்பிடுங்க" என்று சொல்ல வேண்டும். அந்தத் திருமேனி அவருக்குச் சாமி, பதிவேட்டுக்கு ஓர் எண். இரண்டையும் மதிக்கத் தெரிந்தவர்தான் தமிழ்நாட்டு அருங்காட்சியகத்தில் வேலை செய்ய முடியும்.

நீங்களும் கேளுங்கள். உதவித்தொகை உண்டா? பல இடங்களில் இல்லை. எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் நாற்பது நாள் பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும். வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுச் சேருங்கள். யார் மேற்பார்வையாளர், கல்லூரி கிரெடிட்டுக்கு எந்தப் படிவம், வருகைப் பதிவு யார் கையெழுத்து, சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் முதல் நாளுக்கு முன்பே தெரிய வேண்டும். கடைசி வாரத்தில் படிவத்தைத் தேடினால் கையெழுத்துப் போட வேண்டியவர் சுற்றுப்பயணத்தில் இருப்பார்.

சேர்ந்த பிறகு

முதல் வாரத்திலேயே எதையும் தொடத் துடிக்காதீர்கள். மோதிரம், வளையல், தொங்கும் அடையாள அட்டை எல்லாம் வைப்பறைக்கு வெளியே. விரல்மூடிய காலணி, பருத்தி உடை. அக்னி நட்சத்திர நாட்களில் குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் நின்று வேலை செய்ய வேண்டியிருக்கும், கைக்குட்டை இரண்டு எடுத்துப்போங்கள். நெற்றி வியர்வை ஒரு துளி பழைய காகிதத்தில் விழுந்தால் அது நிரந்தரக் கறை. வியர்வையின் உப்பில் குளோரைடு இருக்கிறது, மேலே சொன்ன வெண்கல நோய்க்கு அதுவே விதை. அதனால் உலோகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது, நைட்ரைல் கையுறை வேண்டும். காகிதத்துக்குப் பெரும்பாலும் நன்றாகக் கழுவி உலர்த்திய வெறுங்கையே மேல். கையுறை போட்டால் ஓரம் எங்கே மடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. மெருகேற்றிய பீங்கானில் பருத்திக் கையுறை வழுக்கும். தூக்கும் முன் எங்கே வைக்கப்போகிறோம் என்று இடத்தைத் தயார் செய்ய வேண்டும். பொருளின் கைப்பிடியையோ சிலையின் கையையோ பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு கை, பக்கத்தில் ஒரு கை.

ஓவியத்தைச் சன்னலருகே கொண்டுபோய்ப் படமெடுக்கும் ஆசை வரும். காகித ஓவியத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வழக்கமான அளவு. மே மாத நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வெளுத்த நிறம் திரும்ப வராது.

வைப்பறையிலிருந்து இன்ஸ்டாகிராமில் படம் போடவே கூடாது. எந்தத் திருமேனி எந்த அறையில், பூட்டு எந்தப் பக்கம் என்பது வெளியே போகக் கூடாத செய்தி. சிலைத் திருட்டுக்கென்று 1983லேயே தனிக் காவல் பிரிவு தேவைப்பட்ட மாநிலம் இது. அறிக்கைக்குப் படம் வேண்டுமானால் மேற்பார்வையாளரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

பதிவேட்டில் ஒரு எண் பொருளோடு ஒத்துப்போகவில்லை என்றால் நீங்களாகத் திருத்த வேண்டாம். தனித்தாளில் எண், அலமாரி, தட்டு, நீங்கள் பார்த்தது, தேதி என்று குறித்து மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். கணினியில் ஏற்றும்போது ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்து, பத்துப் பதிவுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டால் பிழை குறையும். 3ஐ 8 என்று வாசிப்பதும், அங்குலத்தைச் சென்டிமீட்டர் பத்தியில் ஏற்றுவதும்தான் அதிகம் நடப்பவை. பழைய அட்டைகள் அங்குலத்தில் இருக்கும். ஏற்றும் முன் 2.54ஆல் பெருக்கினீர்களா என்று பாருங்கள், பெருக்கும் முன் இருந்த அளவையும் குறிப்புப் பத்தியில் விட்டுவையுங்கள்.

கடைசி நாளில் கேக் வெட்டுவதற்கு முன் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த அலமாரியில் எந்தத் தட்டு வரை பார்த்தீர்கள், எந்த எண் வரை சரிபார்த்தது, எந்த எண்கள் கிடைக்கவில்லை, படக்கோப்புகள் எந்தக் கணினியில் எந்தப் பெயரில் இருக்கின்றன, கடனாக வாங்கிய அளவுநாடாவும் சாவியும் யாரிடம் திரும்பின. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, இரண்டு பிரதி. ஒன்று பிரிவின் கோப்புக்கு, ஒன்று உங்கள் கல்லூரி அறிக்கைக்கு. அடுத்த மே மாதம் வரும் மாணவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அடுத்த தட்டைத் திறப்பார்.